கிராம்பு போடாத டீ

காய்ச்சல் விட்ட பிறகும் அவளுக்கு உலகம் ஒரு கண்ணாடிக்கு அப்பால் இருப்பது போலவே இருந்தது. எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது. எதுவும் மணக்கவில்லை.

சலவைக்கடையில் நீராவி இஸ்திரி போடுவது அவள் வேலை. முன்பெல்லாம் ஒரு கோட்டைக் கையில் எடுத்தாலே அதன் சொந்தக்காரர் புகை பிடிப்பவரா, வீட்டில் பூனை வளர்ப்பவரா என்று சொல்லிவிடுவாள். இப்போது எல்லாத் துணியும் வெறும் துணி. வாசனை தானாகத் திரும்பி வரும் என்றார் டாக்டர். எப்போது என்று கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினார்.

வீட்டில் மூன்று பேர். கணவன் கடிகாரம் பழுதுபார்ப்பவன். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் எதைக் கொடுத்தாலும் குடித்துவிட்டு 'நல்லாத்தான் இருக்கு' என்பான். சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்த அன்றுகூடப் பாதி டம்ளர் காலியான பிறகுதான் முகம் சுளித்தான். அவனை நம்பிப் பயனில்லை. இன்னொருத்தி அவன் தங்கை. நகரப் பேருந்து ஓட்டுகிறாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் 'பைலட்'. அண்ணிக்கும் நாத்தனாருக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. ஆனால் 'பால் வந்துடுச்சா', 'சாவி எங்க' என்பதைத் தாண்டிப் பேச்சு வளர்ந்ததும் கிடையாது.

ஒரு காலை அடுப்பில் பால் அடிப்பிடித்துக் கருகிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்திலேயே நின்று இஞ்சி தோல் சீவிக்கொண்டிருந்தாள். புகையைப் பார்த்து ஓடி வந்த பைலட்தான் அடுப்பை அணைத்தாள். கறுத்துப்போன பாத்திரத்தைப் பார்த்ததும் அண்ணிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"எனக்கு ஒண்ணுமே தெரியல, பைலட். டீ போடறேனா, வெந்நீர் போடறேனான்னுகூடத் தெரியல."

பைலட் அடுப்பைத் துடைத்தாள். பிறகு பாத்திரத்தைக் கழுவப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்து வைத்தாள்.

"நீங்க போடுங்க, அண்ணி. என்ன வாசனை வருதுன்னு நான் சொல்றேன்."

அப்படித்தான் அந்தக் காலைகள் தொடங்கின. பனிமூட்டம் சமையலறை ஜன்னலை வெள்ளையாக மூடியிருக்கும். எதிர்க் கட்டடம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. அவள் இஞ்சியைத் தட்டிக் கொதிக்கும் தண்ணீரில் போடுவாள். பைலட் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள்.

"இஞ்சி ஏறிடுச்சு. முதல் ஆளா ஏறி ஜன்னல் சீட்டைப் பிடிச்சுக்கிச்சு."

ஏலக்காயை நசுக்கிப் போட்டால், யாரோ குளித்துவிட்டுத் தலை ஈரத்தோடு பேருந்தில் ஏறுகிற மாதிரி இருக்கிறது என்பாள். பட்டை கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறதாம். கிராம்பு டிக்கெட்டும் எடுக்காமல் முன்னால் வந்து நின்று டிரைவரை முறைக்கிறதாம். டீத்தூள் போட்டுப் பால் ஊற்றும்போது பைலட்டின் குரல் தணியும். எல்லாரும் தூங்கப் போகிறார்கள், விளக்கை அணைக்கலாம் என்பாள்.

கேட்டுக்கொண்டே கிளறுகையில் அவளுக்கும் கண் சொக்கும். ஆவிக்குள் ஒரு பேருந்து மெதுவாகப் போவது தெரியும். தெருவோ நிறுத்தமோ இல்லை, வெள்ளையில் மிதந்துகொண்டே போகும். உள்ளே ஈரத் தலையோடு ஒருத்தி ஜன்னலில் விரலால் கோடு போடுவாள். பால் பொங்கி வரும் ஓசை கேட்டுத்தான் அவள் திரும்பி வருவாள். அந்த மிதப்பு கடை வரைக்கும் கூடவே வரும். மடித்த சட்டைகள்கூட எங்கேயோ பயணம் போகக் காத்திருப்பவை போலத் தோன்றும்.

டீயோடு பேச்சும் வளர்ந்தது. ஒரு கண்டக்டரைக் கல்யாணம் செய்துகொள்ள நினைத்ததையும், அவன் தூக்கத்திலும் 'உள்ள போ, உள்ள போ' என்று கத்துவானாம் என்று கேள்விப்பட்டு விட்டுவிட்டதையும் பைலட் சொன்னாள். அண்ணி சிரித்துச் சிரித்து டீயை வடிகட்டியில் ஊற்றாமல் மேடையில் ஊற்றினாள்.

ஒரு மத்தியானம், மழையில் நனைந்த கம்பளிக் கோட்டு ஒன்று கடைக்கு வந்தது. அவள் அதன் மேல் நீராவியை விட்டாள். ஈரக் கம்பளியின் நாற்றம் முகத்தில் அடித்தது. அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பின்னாலேயே சோப்பு வந்தது, முதலாளியின் தலை எண்ணெய் வந்தது, தன் கழுத்து வியர்வையும் வந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மோந்துகொண்டே நடந்தாள். ரொட்டிக்கடை வாசலில் ஒருவர் வழிவிடச் சொல்லும் வரை நின்றாள்.

பைலட்டிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று மாடி ஏறினாள். ஏற ஏறக் கால் தயங்கியது. சொல்லிவிட்டால் நாளைக் காலை எதற்கு அவள் வந்து சுவரில் சாயப் போகிறாள்? அன்று சாப்பிட்டு முடிக்கும் வரை வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் கிராம்பு தீர்ந்திருந்தது. இருந்ததை வைத்து டீயைக் கொதிக்க விட்டாள். ஆவி எழுந்தது. இஞ்சியின் காரமும் ஏலக்காயின் குளிர்ச்சியும் நேராக நெஞ்சுக்குள் இறங்கின. கண்ணில் நீர் கட்டியது. நாத்தனார் பார்த்துவிடப் போகிறாளே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கிராம்பு முன்னாடி வந்து நின்னுடுச்சு, அண்ணி," என்றாள் பைலட், கண்ணை மூடியபடி. "இன்னிக்கு ரொம்பத்தான் முறைக்குது."

அண்ணி பாத்திரத்தைப் பார்த்தாள். கேலி செய்கிறாளோ என்று முதலில் நினைத்தாள். பைலட்டின் முகத்தில் கேலி இல்லை. கோவிலில் நிற்பவள் போல அமைதியாக இருந்தாள். அவள் ஒரு பூண்டுப் பல்லை எடுத்து நசுக்கி, நாத்தனாரின் மூக்குக்கு அருகே கொண்டுபோனாள்.

பைலட் மூச்சை இழுத்தாள். "ஏலக்காயா, அண்ணி?"

அண்ணி கையைத் தாழ்த்தினாள். "உனக்கு எப்பலேர்ந்து?"

பைலட் கண்ணைத் திறந்து பூண்டைப் பார்த்தாள். மறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லை.

"உங்களுக்கு முன்னாடியே. நான்தானே பஸ்லேர்ந்து காய்ச்சலை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். அன்னிக்கு நீங்க அழுதப்ப எனக்கும் இல்லன்னு சொல்ல வாய் வரல." பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்: "சொல்லச் சொல்ல எனக்கே வர்ற மாதிரி இருந்துச்சு. அதான் விட மனசில்ல."

அண்ணி தன் சங்கதியையும் சொன்னாள். நேற்றே திரும்பிவிட்டது என்று கேட்டதும் பைலட்டின் முகம் மலர்ந்து, உடனே சந்தேகப்பட்டது.

"அப்புறம் ஏன் மூச்சு விடல?"

"சொன்னா நீ காலைல எழுந்து வரமாட்டியே."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. அதற்குள் டீ பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது.

பிறகு சுவரில் சாய்வது அண்ணியின் முறையானது. அவளுக்குப் பைலட் அளவுக்குச் சொல்ல வராது. 'இஞ்சி வந்து… இஞ்சி மாதிரியே இருக்கு' என்று திணறுவாள். இந்த மூக்கை எனக்குக் கொடுத்திருந்தால் கதையே எழுதியிருப்பேன் என்று பைலட் சலித்துக்கொள்வாள். அண்ணி அவளை டாக்டரிடமும் பிடிவாதமாக அழைத்துப்போனாள். அவர் மறுபடி உதட்டைப் பிதுக்கினார்.

பனிக்காலம் போய் மரங்களில் தளிர் விட்டது. ஒரு நாள் சலவைக்கடையில் தொலைபேசி மணி அடித்தது. முதலாளி எடுத்துக் கேட்டுவிட்டு, யாரோ அழுகிறார்கள் என்று பயந்துபோய் அவளிடம் நீட்டினார். பைலட்தான். கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பேசுகிறாள். பின்னால் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

"அண்ணி," என்றாள். குரல் உடைந்திருந்தது. "டீசல் நாறுது, அண்ணி. குமட்டிக்கிட்டு வருது."