கோப்பில் இருந்த கணவன்

பூட்டுக்காரன் பெருமையடித்துக்கொள்வதில் சூரன். “நான் பூட்டினா எமனே வந்தாலும் வாசல்லதான் நிக்கணும்” என்பான். அதனால்தான், ஆஸ்பத்திரிக் கணினியிலிருந்து நோயாளிகளின் விவரங்கள் திருடுபோய்விட்டன, உங்களுடையதும் அதில் உண்டு என்று மனைவியின் போனுக்குச் செய்தி வந்தபோது அவனுக்குப் பயத்தைவிடக் குஷிதான் அதிகமானது.

சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான். வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினான். பழைய கார்டை முடக்கினான். அவள் பெயரில் யாரும் கடன் வாங்க முடியாதபடி எழுதிக் கொடுத்தான். சிம்முக்கும் ஒரு ரகசிய எண் போட்டான்.

“ஏங்க, இனி என் பேர்ல நானே நுழைய முடியாது போலிருக்கே” என்று அவள் துணி மடித்தபடி சிரித்தாள்.

கடைசியாக ஆஸ்பத்திரிக் கோப்பு. யாரும் திருத்த முடியாமல் அதைப் பூட்டிவைக்க ஒரு பொத்தான் இருந்தது.

“உள்ள என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவ பாத்துடுங்களேன்.”

“உன் சளியும் காய்ச்சலும் எவனுக்கு வேணும்? பணத்தைத் திருடுவான், சீக்கையா திருடுவான்?” என்று அழுத்திவிட்டான்.

திருட்டுப்போன வீட்டுக்குப் பூட்டு மாற்றப் போனால், கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் அவன் வேலையைத் தொடங்குவான். எவனாவது உள்ளேயே பதுங்கியிருந்தால் அவனையும் சேர்த்தல்லவா பூட்டிவிடுவோம்! அந்தப் புத்தி அன்றைக்கு எங்கே மேயப் போயிற்றோ.

சில வாரங்களில் ஒரு காலை, அவள் காய்ச்சலில் சுருண்டு விழுந்தாள். அவசரத்தில் தன் போனையும் அவளுடைய அடையாள அட்டையையும் மட்டும் எடுத்துக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனான். ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது, உடனே மருந்து போட்டாக வேண்டும் என்றார்கள். அவளோ கண் செருகிப் பிதற்றிக்கொண்டிருந்தாள்.

“பென்சிலின் மட்டும் வேணாம் டாக்டர்! கல்யாணமான புதுசுல அந்த ஊசியில மூச்சே நின்னு போச்சு.”

டாக்டரம்மா திரையைப் பார்த்துப் புருவம் சுருக்கினாள். “ஃபைல்ல தலைகீழா இருக்கே. போன மாசம்கூட பென்சிலின் போட்டிருக்கு, ஒண்ணும் ஆகல. இன்னொரு மருந்துதான் இவங்களுக்கு ஆகவே ஆகாதுன்னு இருக்கு.”

“போன மாசம் அவ இந்தப் பக்கமே வரல!”

சொல்லும்போதே அவனுக்கு உறைத்தது. எவளோ ஒருத்தி அவள் பெயரில் இங்கே படுத்துக் குணமாகிப் போயிருக்கிறாள். கோப்பில் இருப்பது அந்த உடம்பு. அதை உள்ளே விட்டுப் பூட்டியவன் அவனேதான்.

“பூட்டின ஃபைல் சார், யாரும் கை வெச்சிருக்க முடியாது” என்றாள் நர்ஸ். “வீட்டுக்காரர் நம்பர் இருக்கு. கேட்டுடறேன்.”

நர்ஸ் எண்ணை அழுத்தினாள்; அவன் சட்டைப்பையிலிருந்த போன் அடிக்கவில்லை. ஸ்பீக்கரில் வேறொரு ஆண் குரல் கேட்டது.

“உங்க மனைவி ரொம்ப மோசமா இருக்காங்க சார். பென்சிலின் போடலாமா?”



“தாராளமா போடுங்க சிஸ்டர். அவளுக்கு அதுதான் ஒத்துக்கும்.” கேட்காமலேயே அவளுடைய பிறந்த தேதி, வீட்டு எண் எல்லாவற்றையும் அந்தக் குரல் மளமளவென்று ஒப்பித்தது.

“அவ அம்மா பேரு...” என்று அது தொடங்கியதும் நர்ஸ் அவசரமாக ஸ்பீக்கரைக் கையால் பொத்தினாள். டாக்டரம்மா அவன் பக்கம் திரும்பினாள். “அவர் சொன்ன தேதி ஃபைல்ல இருக்கிறதுதான். நீங்க அவங்க அம்மா பேரச் சொல்லுங்க. முழுப் பேரு.”

மாமியாரை அவன் அத்தை என்றே கூப்பிட்டுப் பழகியவன். பெயர் தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை.

“அத்தைதான்... அத்தை... டாக்டர், அவளையே கேளுங்க!”

“அவங்க சொல்ற நிலையிலயா இருக்காங்க? நேரமில்ல.”

ஊசியோடு டாக்டரம்மா உள்ளே போனாள். அவன் பாய்ந்தான், இரண்டு காவலாளிகள் அக்குளில் கைகொடுத்து இழுத்தார்கள். “போடாதீங்க, செத்துப்போயிடுவா!” என்று அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி அலறினான். கதவு சாத்திக்கொண்டது.

மேசைமேல் அந்த அழைப்பு இன்னும் துண்டிக்கப்படாமல் இருந்தது. அக்கறையோடு குரல் கேட்டது:

“சிஸ்டர், யாருங்க அது, என் பொண்டாட்டி பேரச் சொல்லிக் கத்துறது?”