சுண்ணாம்பு தின்ற விரல்வரிகள்

கற்றறிந்தீர், அந்நகரை அறிய விழைவோர் முதற்கண் அதன் ஆற்றங்கரையை நோக்குதல் வேண்டும். எரிந்து தணிந்த சுண்ணாம்புச் சூளைகள் பன்னிரண்டும் களைத்துப் படுத்த களிறுகள் போல் வரிசையாய்க் கிடந்து புகை உயிர்க்க, அப்புகை காலைப் பனியோடு கலந்து, மேட்டுக் குடிசைகளைத் தடவி, மெல்ல மேலேறி, குன்றின் உச்சியில் நிமிர்ந்து நின்ற அரசுமனையின் வெண்சுவரைத் தொட்டு மறையும். அச்சுவரின் வெண்மையெல்லாம் கீழே அச்சூளைகளில் வெந்த வெண்மையே. அதற்கு ஆண்டுதோறும் வெள்ளையடித்த கைகளும் அக்குடிசைவாழ்நரின் கைகளே. ஆயினும் கடல் கடந்து வந்த ஆட்சி அம்மனைக்குள் இருந்து எழுதிய சட்டம் ஒன்று, அக்குடிசையில் பிறந்தார் அனைவரையும் பிறவிக் கள்வர் என்று பெயரிட்டிருந்தது. எவன் திருடினான் என்று அச்சட்டம் வினவவில்லை. எவள் வயிற்றில் பிறந்தான் என்று மட்டுமே வினவிற்று.

அதன் இயக்கம் எளிது. ஞாயிறு எழும்போதும் விழும்போதும் அம்மக்கள் காவற்சாவடியின் முன்னே வரிசையில் நிற்பர். ஏட்டு பெயர் அழைப்பார். அழைக்கப்பட்டவர் குரல் கொடுப்பர். குரல் வந்த கட்டத்தில் ஒரு கோடு விழும். வாராத கட்டத்தில் ஒரு வட்டம் விழும். வட்டம் மூன்றாயின் ஓராண்டுச் சிறை. இவ்வளவே அச்சட்டத்தின் முதற்பதிவேடு. இரண்டாம் பதிவேடு குன்றின்மேல் இருந்தது. அதனைக் காத்தவர்தாம் இக்கதைக்கு உரியவர்.

அவரை அனைவரும் ரேகைக்காரர் என்றே அழைத்தனர். பதினெட்டு ஆண்டுகளாய்ச் செப்புத் தகட்டில் மசியைச் சொட்டி, உருளையால் வெங்காயத் தோலினும் மெலிதாய்ப் பரப்பி, விரலை நகத்தின் ஒரு கரை தொடங்கி மறுகரை வரை உருட்டி எடுப்பதே அவர்தம் தொழில். பெருவிரல் உடலை நோக்கி உருள வேண்டும், ஏனைய விரல்கள் உடலை விட்டு உருள வேண்டும், அப்போதுதான் தசை பிறழாது என்பதை வாயிற்காவலனுக்கும் நிறுத்தி விளக்குவார். வளைவு, கண்ணி, சுழி என வரிகள் மூவகைப்படுவதையும், மூன்று பக்கத்து வரிகள் வந்து கூடும் முக்கூடலிலிருந்து நடுப்புள்ளி வரை குறுக்கிடும் வரிகளை எண்ணியே மாந்தரைப் பிரித்தறிவதையும் சொல்லத் தொடங்கினால், அவருடைய கண்கள் விளக்கேற்றினாற் போல் ஒளிரும். அவருடைய பேழைகளில் பதினோராயிரம் தாள்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று மற்றொன்றைப் போல் இல்லாமையை அவர் இறைவனுக்குச் சான்றாகவே கருதினார்.

ஒருநாள் புதிய ஆணை பிறந்தது: பெயர்ப்பட்டியலில் உள்ளோர் பதின்விரலும் பதிய வேண்டும், வரி தெரியாத விரலுடையான் வேண்டுமென்றே அதனை அழித்தவனாகக் கொள்ளப்பட்டு ஈராண்டு சிறைப்படுவான். ஆணை வந்த மறுநாட் காலை, வரிசையில் குரல் கொடுத்துவிட்டுக் குன்றேறி வந்தான், சூளையில் கல்லை நீற்றும் சுண்ணாம்புக்காரன் ஒருவன். ரேகைக்காரர் அவன் விரலை உருட்டினார். தாளில் விழுந்தது வரியற்ற கரும்பொட்டு. பத்தும் அவ்வாறே.

"என்னப்பா, விரலா இது? கூழாங்கல்லா?"

"சுண்ணாம்பு தின்னுடுச்சுங்க ஐயா. இருபது வருசமா தின்னுது. மிச்சம் வச்சதே பெருசு."

"சிரிக்காதே. ரெண்டு வருசம் உள்ளே போட்டுடுவாங்க."

சிரிப்பு அவன் முகத்தில் நின்றபடியே உறைந்தது. "வீட்டுல அவ எட்டு மாசமா இருக்காங்க ஐயா. நான் எதையும் அழிக்கலைங்க. வேலைதான் செஞ்சேன்."

உருப்பெருக்கும் ஆடியை அவன் விரல்மீது வைத்து நெடிது நோக்கினார் ரேகைக்காரர். வரி அழிவதில்லை, மேற்றோல் மட்டுமே தேய்கிறது, வரியின் வேர் அடித்தோலில் உறங்குகிறது, கைக்கு ஓய்வு கொடுத்தால், கோடையில் மறைந்த அறுகு மழைக்குத் தளிர்ப்பது போல் அதே வரி அதே வடிவில் மீளும். இதனை அவர் நூலில் கற்றிருந்தார், கண்ணாற் கண்டதில்லை. இரக்கம் பாதியும் காணும் வேட்கை பாதியுமாய், அம்மனையை ஆண்ட வெள்ளைத் துரையிடம் ஓடினார். மூன்று கிழமை இவனைத் தாள்வைப்பறையிலேயே இருத்தினால் வரி மீளும், ஆட்சியின் கலைக்கும் பெருமையாகும் என்று மன்றாடினார். துரை சுருட்டின் சாம்பலைத் தட்டி இசைந்தார். குற்றஞ்சாட்டாமல் ஒருவனை அடைத்தல் முறையன்று ஆதலின் எழுத்தில் ஒன்றும் வேண்டா என்று மட்டும் கூறினார்.

"ஐயா, காலையிலயும் சாயங்காலமும் பேர் கூப்பிடுவாங்களே?" என்று வினவினான் சுண்ணாம்புக்காரன்.

"அட, அரசாங்கத்துக் கட்டடத்துக்குள்ளேயே உக்காந்திருக்கே. இதுக்கு மேல எங்கே போய் ஆஜர் குடுக்கப்போறே?" என்று நகைத்தார் ரேகைக்காரர்.

கற்றறிந்தீர், அவர் பொய் சொல்லவில்லை. அரசென்பது ஓருடல், அதன் வலக்கை அறிந்ததை இடக்கையும் அறியும் என்று மெய்யாகவே நம்பினார். பதினெட்டு ஆண்டுகள் பொறியின் ஒரு பல்லைத் துடைத்து வந்தவர், பொறி முழுதையும் அறிந்தவராய்த் தம்மை எண்ணிக்கொண்ட பிழை அது.

மூன்று கிழமையும் ஒருவகை இன்பமாகவே கழிந்தன. ஒவ்வொரு காலையும் ரேகைக்காரர் தம் கையாலேயே அவன் விரல்களுக்கு எண்ணெய் தேய்த்து, ஆடியால் நோக்குவார்.

"இங்கே பாரு, ஆள்காட்டி விரல்ல ஒரு கோடு எட்டிப்பாக்குது!"

"பயந்து பயந்து வருதுங்க ஐயா. எங்க சாதிக் கோடுல்ல."

அவனுடைய மனைவி, நிறைவயிற்றைத் தாங்கிக்கொண்டு, நாள்தோறும் உணவுத் தூக்கோடு ஏறி வருவாள். "வேலை வெட்டி இல்லாம உக்காந்து திங்கிறது உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. புள்ளைய நீங்களே பெத்துக்குங்க" என்பாள், அவன் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்து, "ஐயோ, யாரோட கை இது?" என்று நாணுவாள்.

மூன்று கிழமை நிறைந்த நாளின் நண்பகலில் பதித்த தாள் ரேகைக்காரர் வாழ்நாளில் எடுத்தவற்றுள் தலைசிறந்தது. இடக்கைப் பெருவிரலில் இரட்டைச் சுழி, இரண்டு நீரோட்டங்கள் ஒன்றையொன்று தழுவிச் சுழல்வது போல் தெளிந்து நின்றது. அவர் கண் கலங்கினார். அவன் குன்றிறங்கிச் சென்றான், மாலை வரிசையில் நின்றான், குரல் கொடுத்தான், கொடுத்த குரலோடே பிடிக்கப்பட்டான். ஏட்டின் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே நாற்பத்திரண்டு வட்டங்கள் நின்றன.

செய்தி கேட்டுச் சாவடிக்கு மூச்சிரைக்க ஓடினார் ரேகைக்காரர்.

"அவன் என்கிட்டேதான் இருந்தான், ஏட்டய்யா! மேலே, என் ரூம்லே!"

"இருந்திருப்பான். நான் கூப்பிட்டப்ப வந்தானா?"

"எப்படி வருவான்?"

"வரலைல்ல? வரலைன்னா வட்டம். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். உம்மகிட்டே இருந்ததுக்குக் காகிதம் இருந்தா கொண்டாரும், ரேகைக்காரரே. ரப்பர் வச்சு நானே அழிக்கிறேன்."

காகிதம் இல்லை. துரையோ, அப்படி ஓர் உரையாடல் தம் நினைவில் இல்லை என்றும், எழுத்தின்றி ஒருவனை அடைத்துவைத்த ஊழியன் எவனேனும் இருப்பின் அவன் பணியிழப்பான் என்றும், சாளரத்தைப் பார்த்தபடியே மொழிந்தார்.

வழக்கு நாளில் முறைமன்றம் ரேகைக்காரரைச் சான்றுக்கு அழைத்தது. கூண்டில் நிற்பவன் பட்டியலில் உள்ளவன்தானா என்பதை உறுதிசெய்யத் தாள் ஒன்று வேண்டியிருந்தது. அத்தாள் அவருடைய தலைசிறந்த தாள்.

"இவ்விரல்கள் இவனுடையனவா?" என்று வினவினார் நடுவர்.

"ஆம்."

"ஐயமின்றி?"

"ஐயமின்றி."

"வேறு கூறுவதற்கு உண்டா?"

சுண்ணாம்புக்காரன் அவரையே நோக்கினான். அந்நோக்கில் சினம் இல்லை. காலைதோறும் ஆடிக்கு விரல் நீட்டியபோது இருந்த அதே பொறுமை இருந்தது. ரேகைக்காரரின் நாவில் இருபத்தொரு நாளும் வந்து நின்றன. தாளில் குறித்த நாளும் ஏட்டின் கடைசி வட்டம் விழுந்த நாளும் ஒன்றே என்று நடுவர் ஒருமுறை நோக்கினாலே உண்மை விளங்கும். நோக்குமாறு சொல்ல ஒரு சொல் போதும். அப்போது அவர் கண்முன் தம் பேழைகளும், செப்புத் தகடும், வேறொருவன் கையில் போகும் ஆடியும் தோன்றின.

"இல்லை" என்றார்.

தீர்ப்பு ஓராண்டு. வாயிலில் அவன் மனைவி, பிறந்து ஆறுநாளே ஆன மகவை மார்போடு அணைத்து நின்றிருந்தாள்.

"அத்தனை நாள் எண்ணெய் தேய்ச்சு விட்டீங்களே ஐயா. ஒரே ஒரு வார்த்தை மட்டும் வழுக்கிடுச்சா?" என்றாள், மறுமொழிக்கு நில்லாமல் நடந்தாள்.

சிறைக்கும் ஒரு சூளை இருந்தது. பழகிய கையாதலின் அவனை அதிலேயே பணித்தனர். அவ்வாண்டு அரசுமனைக்கு அடித்த வெள்ளையை அவனே நீற்றினான் என்பர். ஓராண்டு நிறைந்தபின், விடுதலை பெறுபவன் அவன்தானா என்று ஒப்புநோக்கக் குன்றுக்கு அழைத்து வந்தனர். ரேகைக்காரர் மசி பரப்பினார், விரலை உருட்டினார். கரும்பொட்டு. பத்தும் அவ்வாறே. அருகில் நின்ற காவலன், அழித்தவனுக்கு ஈராண்டு என்னும் ஆணை இருந்த பக்கத்தைப் புரட்டத் தொடங்கினான்.

சுண்ணாம்புக்காரன் தன் வெந்த விரல்களை ஒருமுறை பார்த்தான். பின்பு அவரைப் பார்த்தான்.

"மூணு வாரம் இருக்கட்டுங்களா, ஐயா?" என்றான், மெல்ல நகைத்து.

அவனுடைய பழைய தாள், புதிதாய்த் தொழில் கற்க வருவோர்க்கு எடுத்துக்காட்டாய், ரேகைக்காரர் தலைக்கு மேலே ஆடிச்சட்டத்துள் தொங்கிக்கொண்டிருந்தது. மாந்தரை ஒருவரினின்று ஒருவர் பிரித்தறியும் கலையை அவ்வரசு நுட்பமாய்க் கற்றிருந்தது. அறிந்தபின் ஒருவனை மாந்தனாய்க் கொள்ள அதன் பதிவேடுகளில் கட்டம் இல்லை. அக்கட்டத்தைத் தம் நாவினாலேனும் வரைந்திருக்கக் கூடியவர், மசி உலருமுன் தகட்டைத் துடைத்துவிட வேண்டுமென்னும் தொழில்முறை மாறாது, குனிந்து அதனைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாளரத்துக்கு வெளியே சுவர் வெளேரென்று ஒளிர்ந்தது.