ஏழாம் நம்பர் தாள்

"ஒம்போது, ஒம்போது, சைபர்" என்று முத்துக்கனி தபால் கார்டை எழுத்துக் கூட்டி வாசித்தாள். அவள் அண்ணன் அய்யாக்குட்டி கஞ்சியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஏண்ணே, மாநாட்டுக்கு வந்த தாளையெல்லாம் வாசிச்ச மூணு பேருல நீயும் ஒருத்தன்தானே? எனக்கு ஒம்போது போட்டதுல ஒண்ணு நீதான்."

"பேரை மறைச்சுல்லா குடுத்தாக. எனக்கு எப்பிடித் தெரியும்?"

"அதுவும் சரிதான். அப்ப சைபரு போட்டது கடைக்கார வன்னியபெருமாள் அண்ணாச்சிதான். தாலியறுத்தவளுக்கு மேடை எதுக்குன்னு நெனைச்சிருப்பாரு. இனி அவரு கடையில ஒரு தீப்பெட்டி வாங்கமாட்டேன்."

"அப்ப தீப்பெட்டிக்கு டவுனுக்குத்தான் நடக்கணும்" என்றாள் அய்யாக்குட்டியின் மனைவி செண்பகம்.

முத்துக்கனி சிரித்தாள். அய்யாக்குட்டி கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

அவன் துறைமுகத்தில் தோணிகளுக்குப் பஞ்சுப் பொதி ஏற்றுகிறவன். முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஊர்த் தொண்டுச் சங்கத்து வகுப்பில் எழுத்துப் படித்தவன். தங்கையும் அங்கேதான் படித்தாள். புருஷன் செத்து ஆறு வருஷமாக அண்ணன் வீட்டிலிருந்து உப்பளத்து வேலைக்குப் போய்வருகிறாள்.

அந்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில், ஜில்லாவின் தொண்டுச் சங்கங்களெல்லாம் தூத்துக்குடியில் மாநாடு கூட்டுவதாக இருந்தன. பேச விரும்புகிறவர்கள் எதைப் பற்றி என்று ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். பதினோரு தாள்கள் வந்தன. ஐந்து பேருக்குத்தான் நேரம் இருந்தது. பெரிய மனிதர்களின் பேரைப் பார்த்து மார்க் போடக் கூடாது என்று கூட்டத்தில் சண்டை பிடித்தவன் அய்யாக்குட்டிதான். அதனால் காரியதரிசி வில்பிரட் வாத்தியார் தான்கூடப் பார்க்காமல், பள்ளிக்கூடப் பையன் ஒருவனை விட்டு எல்லாவற்றையும் நகல் எடுத்து, பேருக்குப் பதில் நம்பர் போடவைத்தார். அவரும் வன்னியபெருமாளும் அய்யாக்குட்டியும் தனித்தனியே பத்துக்கு மார்க் போட்டுச் சீட்டை மடித்துக் கொடுக்க வேண்டும். கொடுத்த சீட்டைப் பிறகு யாரும் திருத்தக் கூடாது. அதுவும் அவன் கேட்டு வாங்கிய விதி. முப்பதுக்கு இருபது வந்தால் மேடை.

ஏழாம் நம்பர் தாளின் மூன்றாவது வரியிலேயே அவனுக்கு வேர்த்துவிட்டது.

'எங்கள் வீட்டில் கல்யாணம். தாலி கட்டும்வரை நான் யார் கண்ணிலும் படக் கூடாது என்று காலையில் என்னை உப்பளத்துக்கு அனுப்பினார்கள். அன்று அளத்தில் வேலை கிடையாது. மதியம்வரை உப்புக் குவியல் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். கல்யாணப் பெண்ணுக்குத் தினமும் தலை பின்னிவிட்டவள் நான். வாசல்வரை வந்து என்னை அனுப்பினவர் கூட்டங்களில் பெண் விடுதலை பேசுகிறவர்.'

மகள் கல்யாணத்தன்று தங்கையை அப்படி அனுப்பினவன் அவன்தான். முதலில் எட்டு போட்டான். பிறகு மேடையில் அவள் நிற்பதையும், கீழே பொதி தூக்குகிறவர்களெல்லாம் தன்னைத் திரும்பிப் பார்ப்பதையும் நினைத்தான். சீட்டைக் கிழித்துவிட்டு வேறொன்றில் சைபர் எழுதினான். நம்பருக்குத்தானே போட்டோம், ஆளுக்கா போட்டோம் என்று சொல்லிக்கொண்டான்.

இப்போது கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு வில்பிரட் வீட்டுக்குப் போனான்.

"ஏழாம் நம்பருக்கு நான் போட்டதை மாத்தணும் சார்."

"அது யாருன்னு தெரிஞ்சுபோச்சோ?"

"எந் தங்கச்சி."

"அப்ப முடியவே முடியாது அண்ணாச்சி. சொந்தக்காரிக்குக் கூட்டிப் போட்டோம்னு பேசுவாக. நீங்க வச்ச விதிதானே?" வில்பிரட் கொஞ்சம் நிறுத்தினார். "போடும்போது உங்களுக்குத் தெரியாதுல்லா?"

அய்யாக்குட்டி தோள் துண்டை எடுத்து மடித்தான். வில்பிரட் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மேஜையில் கிடந்த நிகழ்ச்சி நிரலை அவன் பக்கம் திருப்பி வைத்தார். 'கைம்பெண்களின் நலம்' பற்றிப் பேச ஒரு வக்கீல் இருபத்தொரு மார்க் வாங்கியிருந்தார்.

அன்று கடைசிப் பொதியை ஏற்றின பிறகும் அவன் முதுகு நிமிரவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சொன்னான்.

"சைபரு போட்டது அண்ணாச்சி இல்ல. நான்."

முத்துக்கனி அரிசி களைந்துகொண்டிருந்தாள். "தெரிஞ்சா போட்டே?"

"தெரிஞ்சுதான்."

"பொய் எழுதியிருந்தேனா?"

"இல்ல."

"பின்ன?"

"நாலு பேரு முன்னால எம் மூஞ்சிய எங்க வைக்க?"

"அன்னைக்கு எம் மூஞ்சிய எங்க வைக்கச் சொன்னே அண்ணே?"

அவள் குரல் உயரவில்லை. அரிசியை உலையில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தாள். பெட்டியிலிருந்து தான் எழுதி வைத்திருந்த தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு எதிரிலிருந்த தெருக்குழாய்க்கு நடந்தாள். அங்கே பத்துப் பன்னிரண்டு பெண்கள் குடங்களோடு நின்றார்கள்.

"மாநாட்டுல வேண்டாம்னு தள்ளுன தாளு இது. கேக்கியளா?"

"ஏளா, வாசி. தண்ணி நூலாத்தான் வருது. எங்களுக்கு என்ன அவசரம்?" என்றாள் ஒருத்தி.

"எங்கண்ணன் அய்யாக்குட்டி வீட்டுல கல்யாணம்" என்று முத்துக்கனி ஆரம்பித்தாள். தாளில் 'எங்கள் வீட்டில்' என்றுதான் இருந்தது.

உள்ளே அய்யாக்குட்டி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு வரியும் கேட்டது. செண்பகம் அவனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு நிறைந்திருந்த குடத்தை முற்றத்தில் கவிழ்த்து ஊற்றிவிட்டு, வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.