பட்டிமக்கள்

ஒரே ஒரு சொல்லுக்காக ஒருவனின் பல் உதிர்வதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். எழுபத்தெட்டாம் வருஷம், மலையாள நாட்டில், மட்டாஞ்சேரிக்குத் தெற்கே, எங்கள் ஆட்களைப் புதைக்கிற காட்டில்.

எங்கள் ஆட்கள் என்றால், முனிசிபாலிட்டியில் குப்பை அள்ளத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வைசூரிக் காலத்தில் ஊர்ப் பிணங்களை அவர்கள்தான் சுமந்தார்கள். பிறகு அவர்களும் அங்கேயே போய்ப் படுத்தார்கள். கல் எதுவும் கிடையாது. மண்மேடும் எருக்கஞ்செடியும்தான். பக்கத்துத் தென்னந்தோப்பின் வேலி வருஷா வருஷம் உள்ளே நகர்ந்து வந்தது. காளிமுத்து அண்ணன் தன் மனைவி லக்ஷ்மியைக் கடைசி வரிசையில் புதைத்திருந்தார். அடுத்த தடவை வேலி அவள்மேல்தான் ஏறும்.

"கல்லு நட்டாத்தான் நிப்பானுங்க. அவனுங்க படிக்கிற மாதிரி மலையாளத்துல இருக்கணும்" என்றார்.

அவருக்கு எந்த எழுத்தும் தெரியாது. கல் கொத்துகிற அந்தப்பனிடம் வாயால் சொன்னார்: "பட்டி மக்கள் இங்க உறங்குறாங்க."

எங்களுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம். எல்லோருக்கும் சொந்த ஊர் ஏதாவது ஒரு பட்டி.

அந்தப்பன் உளியை நிறுத்தினான். "சேட்டா, பட்டிமக்கள்னு தன்னே வேணோ?"

"தன்னே, அதேதான். பெருசா வெட்டு."

மலையாளத்தில் பட்டி என்றால் நாய், மக்கள் என்றால் பிள்ளைகள். அண்ணனுக்கும் அது தெரியும், தெருவில் தினமும் கேட்கிற சொல். ஆனால் ஊரை நினைத்துச் சொல்லும்போது அவருக்கு நாய் ஞாபகம் வரவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கல்லை நட்டோம். தோப்புக் காவல்காரன் நீலகண்டன் இரண்டு ஆட்களோடு வந்தான். குனிந்து, எழுத்துக் கூட்டிப் படித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"நாய்க்குப் பொறந்தவன்மார் இவிடெ உறங்ஙுந்நு! எடா பாண்டித் தமிழா, நீ தன்னே எழுதி வச்சுட்டியேடா!"

அண்ணனின் முகம் செத்துப்போனது. நான் அவர் தோளைப் பிடித்தேன்.

"அந்தச் சொல்லக் கொத்தி எடுத்துருவோம்ணே."

"எதுக்கு? நம்ம ஊருடா அது."

நீலகண்டன் குரைத்துக் காட்டினான். குரைத்துக்கொண்டே லக்ஷ்மியின் மேட்டில் ஏறி நின்றான். "இது ஏது பட்டிடா? பெண்பட்டியோ?"

கல் நடக் குழி தோண்டிய கடப்பாரை அண்ணனின் கையிலேயே இருந்தது. முதல் அடி வாயில் விழுந்தது. பற்கள் மேட்டுமண்ணில் சிதறின. இரண்டாவது அடி முழங்காலில். எலும்பு முறிகிற சத்தம் பச்சை ஓலை மட்டையை ஒடிப்பது போலக் கேட்டது. அவன் விழுந்த பிறகும் அண்ணன் நிறுத்தவில்லை.

"எறங்குடா! அவ மேலேர்ந்து எறங்குடா!"

அவன் எப்படி இறங்குவான்? கால் இருந்தால்தானே. மற்ற இருவரில் ஒருவன் தேங்காய் வெட்டுகிற கத்தியை அண்ணனின் கையில் இறக்கினான். இரண்டு விரல் போனது. நான் அவன்மேல் பாய்ந்தேன், மற்றவன் வீசிய கல் என் தலையில் விழுந்தது. கண்ணில் ரத்தம் வழிய எழுந்தபோது, அண்ணன் அறுபட்ட கையோடு நாங்கள் நட்ட கல்லைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தார். எழுத்தெல்லாம் சிவப்பு. போலீஸ் வந்து விரல்விரலாகப் பிரித்துத்தான் அவரைக் கூட்டிப்போனது.

மறுநாள் காலை வேலி போட்டு முடித்திருந்தார்கள். லக்ஷ்மியின் மேடு அந்தப் பக்கம் இருந்தது. கல்லைப் பிடுங்கி வேலிக்கு மூலைக்கல்லாக நட்டிருந்தார்கள், எழுத்தைத் தோப்புப் பக்கமாகத் திருப்பி.