சந்திரிகா புதைக்காத பேழை

சந்திரிகாவுக்குப் பொய் சொல்வதுதான் தொழில். அதுவும் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம், பெற்றோர் சம்மதத்தோடு. ஊரப்பாக்கத்துக்கு உள்ளே, குன்றடியில் இருந்த காலிமனையில் குழி வெட்டி, மணல் கொட்டி, புதுப் பானைகளை உடைத்து முந்தின நாளே புதைத்துவிடுவாள். மறுநாள் பிள்ளைகள் பிரஷ்ஷும் கரண்டியுமாக வந்து தோண்டி எடுக்கும்போது, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஐயோ, மூவாயிரம் வருஷத்துப் பானை!" என்று அலறுவாள். சாப்பாட்டு நேரத்தில்தான் குட்டு உடையும். "எல்லாம் நான் புதைச்சது. நானே சொன்னாலும் நம்பக் கூடாது, ஆதாரம் கேக்கணும். புரிஞ்சுதா?" பிள்ளைகள் ஹோவென்று கத்துவார்கள். அந்தக் கத்தலில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை.

மனை சம்பத்துடையது. அவருடைய அப்பா நெல் போட்ட நிலம், இப்போது மஞ்சள் கல் நட்ட பிளாட். கல்விமேல் உள்ள ஆசையில் இடம் கொடுத்தார் என்று யாரும் ஏமாந்துவிட வேண்டாம். ஸ்கூல் பஸ் நின்றால் மனை பார்க்க வருகிறவர்களுக்கு நம்பிக்கை வரும் என்பது அவர் போட்ட கணக்கு. அவரைக் கண்டாலே சந்திரிகாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கும் அவளைப் பார்த்தால் அப்படித்தான்.

அன்றைக்கு எல்லோரும் சாப்பிட்டு முடித்து, குட்டும் உடைந்த பிறகு, ஏழாம் வகுப்பு ஓவியா மட்டும் கை சும்மா இருக்காமல் குழியின் மூலையை நோண்டிக்கொண்டிருந்தாள். மணல் தீர்ந்து செம்மண் வந்தது. செம்மண்ணுக்குள் ஏதோ தட்டுப்பட, மிஸ்ஸைக் கூப்பிட்டாள். சந்திரிகா மண்டிபோட்டு விரலால் மண்ணை விலக்கினாள். கனத்த சுடுமண் தொட்டி. பக்கவாட்டில் மண் சரிந்ததும் குட்டைக் கால் ஒன்று தெரிந்தது. உள்ளே எலும்புத் துண்டு. அந்தக் காலத்தில் செத்தவர்களின் எலும்பை வைத்துப் புதைத்த பேழை! இத்தனை வருஷம் பொய்யையே புதைத்தவளுக்கு முதல்முறையாக நிஜம் கிடைத்திருக்கிறது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மூடுங்க மேடம்." குழியின் விளிம்பில் சம்பத் நின்றிருந்தார்.

"சார், இது நிஜமான ஈமப்பேழை. இனிமே இங்க ஒரு பிடி மண்ணக்கூட எடுக்கக் கூடாது."

"இன்னா மேடம், வெளையாடுறீங்களா? கவர்மெண்டு வந்து கயிறு கட்டிட்டா என் பிளாட்ட எவன் வாங்குவான்? பக்கத்து மனைல ஜேசிபி நிக்குது. ரெண்டே அள்ளு, முடிஞ்சிடும்."

"தொட்டுப் பாருங்க, தெரியும்!"

சந்திரிகா தொல்லியல் அதிகாரி மோகன்ராஜைப் போனில் பிடித்தாள். சம்பத்தின் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். "சார், நிஜப் பேழை கிடைச்சிருக்கு. உடனே வாங்க. இடிக்கப் பாக்கறாங்க."

சம்பத் பதறவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பி, வாயில் சர்க்கரை போட்டுக்கொண்ட மாதிரி கேட்டார். "கண்ணுங்களா, இத்த யாரு பொதச்சது?"

"மிஸ்தான்!" மொத்த வகுப்பும் கத்தியது.

"எப்டித் தெரியும்?"

"அவங்களே சொன்னாங்க!"

போனில் மோகன்ராஜ் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க டிராமால என்னையும் சேத்துட்டீங்களா? நல்லா இருக்கும்மா. நான் மீட்டிங்ல இருக்கேன்." வைத்துவிட்டார். மறுபடி அடித்தாள், எடுக்கவில்லை.

"இல்ல! சத்தியமா இத நான் புதைக்கல!"

"ஆதாரம் மிஸ்?" என்றாள் ஓவியா. குழியே அதிரச் சிரித்தார்கள்.

"செம்மண்ணப் பாருங்கடி! நான் போட்டது மணல். இந்த மண்ணை யாரும் தொடவே இல்ல..."

பிள்ளைகளைக் கூட்டிவந்த டீச்சர் தபீதாள் வாட்சைப் பார்த்தாள். "மேடம், ப்ளீஸ். ஜிஎஸ்டி ரோட்ல டிராஃபிக் ஆயிடும். எல்லாரும் லைன்ல நில்லுங்க."

பக்கத்து மனையில் ஜேசிபி உறுமிக்கொண்டு கிளம்பியது. சந்திரிகாவுக்கு வேறு வழி தெரியவில்லை. குழிக்குள் உட்கார்ந்து, இரண்டு கையாலும் பேழையைக் கட்டிக்கொண்டாள். "என்னைத் தாண்டித்தான் தொடணும்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். சம்பத்தும் சேர்ந்து தட்டினார்.

"என்னை விட்டுட்டுப் போகாதீங்க தபீதாள்!" என்றாள். தபீதாள் சிரித்துக்கொண்டே கடைசிப் பிள்ளையையும் பஸ்ஸில் ஏற்றினாள். ஓவியா ஜன்னலில் தலையை நீட்டி, "சூப்பர் ஆக்டிங் மிஸ்!" என்று கத்திக்கொண்டே போனாள். பஸ் மெயின் ரோட்டில் திரும்புகிறவரை சம்பத் சிரித்த முகமாகக் கையாட்டினார். பிறகு அதே கையை ஜேசிபிக்காரனுக்குக் காட்டினார்.