பந்தலுக்கு அடியில்

“இந்தக் கொடிய எடுத்தாத்தேன்ணே ஐஸ்பெட்டி உள்ள போகும்,” என்றான் பந்தல்காரன் இம்மானுவேல். கையில் அரிவாள் இருந்தது.

கருத்தக்கண்ணன் வாசலில் நின்றபடி திராட்சைக் கொடியை அண்ணாந்து பார்த்தார். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அவர் மனைவி மலையம்மாள் உள்ளே பாயில் கிடந்தாள். உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

“சுத்திக் கொண்டுபோக முடியாதாப்பா?”

“எங்கிட்டுண்ணே சுத்துறது? அங்கன பூராம் செடியால்ல இருக்கு.”

இருந்தது. வீட்டை இடித்துக் கட்டியபோது பழைய தோட்டம் செங்கல் சல்லிக்கடியில் போயிற்று. பால் காய்ச்சிய மறுநாளே மலையம்மாள் கடப்பாரையோடு இறங்கினாள். சிமெண்டுக் கட்டிகளைப் பெயர்த்துப் போட்டு, ஒரு டிராக்டர் செம்மண் அடிக்கச் சொன்னாள். முதலில் வைத்த மல்லிகை பட்டுப்போனது. பப்பாளியை மாவுப்பூச்சி தின்றது. கத்தரி பிஞ்சு விட்ட வாரம் யார் வீட்டு ஆடோ மேய்ந்துவிட்டுப் போனது. அவரையும் பாகலும்தான் அவள் மானத்தைக் காப்பாற்றின. தெருவுக்கே பறித்துக் கொடுத்தாள். திராட்சை மட்டும் வெறும் இலையாக ஓடியது. காய்ப்பதற்காகக் கொடியை வெட்டிக் கவாத்து பண்ண அவளுக்கு மனசு வரவில்லை. கடைசியில் ராயப்பன்பட்டித் தோட்டக்காரர் ஞானதுரை வந்து வெட்டினார். அவர் கிளம்பும்வரை அடுப்படியைவிட்டு அவள் வெளியே வரவில்லை. இந்த ஐப்பசியில்தான் முதல் கொத்து. காய் மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு.

“இங்கன வந்து பாருங்களேன்,” என்று தினமும் கூப்பிடுவாள்.

“பேப்பரப் படிச்சிட்டு வாரேன்,” என்பார். போனதில்லை.

“வெட்ட வேணாம்,” என்றார் இப்போது.

திருப்பூரிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்த மகன் சுருளிராஜனுக்கு அழுது கண் வீங்கியிருந்தது. “யப்பா, ஆத்தாவத் தெருவுலயா போட்டு வைக்கிறது? செடிதான, பெறகு வச்சுக்கலாம்.”

யார் வைப்பது என்று அவர் கேட்பதற்குள் மலையம்மாளின் தங்கை உள்ளே கூப்பிட்டாள்.

“மச்சான், அக்காவுக்கு எந்தச் சேல புடிக்கும்? அதையே கட்டிவிட்ருவோம்.”

பீரோவைத் திறந்து சேலைகளைத் தள்ளிப் பார்த்தார். பச்சை ஒன்று இருந்தது, அரக்கு ஒன்று இருந்தது. எதையும் அவள் கட்டிப் பார்த்த நினைவு வரவில்லை. “நீயே பாத்து எடு தாயி,” என்று சொல்லி வெளியே வந்தார்.

கொடி தரையில் கிடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் கொத்துகளை மிதித்து நடந்தார்கள்.

“மகந்தேன்ணே வெட்டச் சொன்னாப்ல,” என்றான் இம்மானுவேல், அவர் முகத்தைப் பார்க்காமல்.

ஐஸ்பெட்டி இடிக்காமல் உள்ளே போனது. செடிகளுக்கும் மேலாக முற்றம் முழுக்கத் தார்ப்பாய் கட்டினார்கள்.

சாயங்காலம் சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு, மறுநாள் பால் ஊற்றுவதைப் பற்றி எல்லோரும் உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள். மேற்கே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து மழை பிடித்தது. தார்ப்பாயில் படபடவென்று விழுந்தது. கருத்தக்கண்ணன் நிலைவாசலில் வந்து நின்றார். தெரு நனைந்தது, எதிர்வீட்டு ஓடு நனைந்தது. தார்ப்பாய்க்கு அடியில் அவரைச்செடிப் பாத்தி மட்டும் காய்ந்து புழுதியாகக் கிடந்தது.

இறங்கிப் போய் மூலைக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு இறுகியிருந்தது.

“யப்பா, நனையாதீக. அத அவுக நாளைக்கு வந்து கழட்டிக்கிருவாக.”

முடிச்சு இளகியது. தார்ப்பாய் ஒருபக்கமாகச் சரிந்து, தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் பாத்தியில் கொட்டியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த மூலைக்கு நடந்தார்.