பத்து நாள் காவல்

போலீஸ் லோரி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் நாய்க் காப்பகத்தின் வாசலில் வந்து நின்றபோது மகதலேனா மீன் தலைகளைப் போட்டுக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம். ஆற்றங்கரைப் பக்கமாகத் தகரம் வேய்ந்த இரண்டு கொட்டகைகள், பத்துக் கூண்டுகள், ஒரு தண்ணீர்க் குழாய். காப்பகம் என்பது அவ்வளவுதான். வெள்ளைக்காரச் சீமாட்டிகள் நாலைந்து பேர் கமிட்டி வைத்து நடத்தினார்கள். தெருவில் பிடிபட்ட நாயை ஏழு நாள் வைத்திருப்பார்கள். யாரும் தேடி வராவிட்டால் எட்டாம் நாள் மிருக டாக்டர் ஊசியோடு வருவார். வேலைக்குச் சேர்ந்த இரண்டு வருஷத்தில் மகதலேனா எந்த நாய்க்கும் பேர் வைக்காமல் இருக்கப் பழகியிருந்தாள்.

இந்த நாய்க்குப் பேர் ஏற்கெனவே இருந்தது. மேஜர். கறுப்பும் பழுப்புமாக, கன்றுக்குட்டி உயரத்தில், அல்சேஷன் ஜாதி. மோப்பம் பிடித்து ஆளைத் தேடுவதற்காகப் போலீஸ் சோதனைக்கு வைத்திருந்த இரண்டு நாய்களில் ஒன்று. அதைப் பழக்கிய அய்யாவு சங்கிலியைப் பிடித்தபடி இறங்கினான். முப்பது வயதிருக்கும். அதிகம் பேசாத முகம்.

"ஆளைக் கடிச்சிருச்சு. வெறி இருக்கா இல்லையான்னு பத்து நாள் வச்சுப் பார்க்கணுமாம்" என்றான்.

"யாரைக் கடிச்சது?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "கிள்ளான் ரயில் ஸ்டேஷன்ல. சிரில்னு ஒருத்தர். தோட்டத்துக்குச் சாமான் அனுப்புற கிட்டங்கியில கிராணி, கணக்கு எழுதுறவர்."

மகதலேனாவின் கையிலிருந்த அகப்பை நின்றது. சிரில் அவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை. முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் மாதா கோவிலில், மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண அறிவிப்பில், அவர்களுக்கு முதல் ஓலை வாசித்திருந்தார்கள்.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை விடியலில் காப்பார் ரோட்டோர ரப்பர் காட்டில், பால்வெட்டும் பெண் ஒருத்தி கழுத்து நெரிபட்டுக் கிடந்தாள். வீரம்மா என்று பேர். அவள் கைக்குள் ஒரு கோட்டுத் துணியின் கிழிசல் இருந்தது. அதை மோந்த மேஜர் ரோடு வரை ஓடிப்போய் அங்கே தடத்தை விட்டுவிட்டது. மறுநாள் அதைக் கோலாலம்பூருக்குக் கூட்டி வர அய்யாவு கிள்ளான் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது, அத்தனை கூட்டத்தில் ஒரே ஆள்மேல் பாய்ந்து, முழங்கையைக் கவ்விக்கொண்டு விடவில்லை.

அன்று சாயங்காலமே சிரில் கட்டுப் போட்ட கையோடு மகதலேனாவின் வீட்டுக்கு வந்தான். அவள் அப்பா இருதயம் ரயில் கார்டு. ஞாயிறு மத்தியானம் பிறைக்குப் போகும் மெயில் ரயிலில் போனவர் இன்னும் திரும்பவில்லை.

"லேனா, போலீஸ் வந்து கேக்கும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் இங்கதான் இருந்தேன்னு சொல்லிடு."

"நீங்க வரலையே. ஆட்டுக்கறி குழம்பு வச்சுட்டு ஏழு மணி வரைக்கும் வாசலைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"கிள்ளான்ல கூட்டாளிங்களோட சீட்டு விளையாடிட்டேன். துரை காதுக்குப் போனா வேலை போயிரும். ஒரு நாய் கடிச்சதுக்கு நான் கொலைகாரனா? சொல்லு."

மகதலேனாவுக்கு இருபத்தாறு வயது. அம்மா இல்லை. பெண் பார்க்க வந்து போனவர்கள் எல்லாரும் அவள் நாய் வாசனை அடிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். சிரில் ஒருத்தன்தான் அவள் கையைப் பிடித்து, "இது வேலை செய்யுற கை" என்று சொன்னவன். அந்த ஒரு சொல்லுக்காகவே அவனை அவள் நேசித்தாள். மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்து கேட்டபோது, "எங்க வீட்டுலதான் இருந்தார்" என்று சொன்னாள்.

"நாய்க்கு வெறி இருந்தால் அது கடித்ததற்கு அர்த்தம் இல்லை. பத்து நாளில் வெறி இல்லை என்று தெரிந்தால் மறுபடி வந்து விசாரிப்பேன்" என்று மொழிபெயர்ப்பாளன் மூலம் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அய்யாவு தினமும் காலையில் வந்தான். போலீஸ் நாய் பழக்கியவன் கையைத் தவிர வேறு கையில் தின்னாது. அவனோ நாள் முழுக்க இங்கே இருக்க முடியாது. மூன்றாம் நாள் அவன் மகதலேனாவைப் பக்கத்தில் நிற்கவைத்து, அவள் உள்ளங்கையில் சோற்றை வைத்து, நாயின் காதருகே ஏதோ சொன்னான். மேஜர் அவனைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, பிறகு அவள் கையை நக்கித் தின்றது.

"இனிமே நீங்க கொடுத்தாலும் சாப்பிடுவான். வேற யாரு கொடுத்தாலும் தொடமாட்டான்."

நாய் தண்ணீர்ச் சட்டியில் வாய் வைத்துச் சளப்சளப்பென்று குடித்தது. மகதலேனா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெறி நாய் தண்ணி குடிக்காதுன்னு சொல்வாங்களே."

"ஆமா."

"அப்புறம் ஏன் அவரைக் கடிச்சது?"

அய்யாவு கூண்டுக் கதவைச் சாத்தினான். சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே, "அந்தப் பொண்ணு கையில இருந்தது பழுப்புத் துணி. சின்னக் கட்டம் போட்டது" என்று மட்டும் சொன்னான்.

சிரிலிடம் அப்படி ஒரு கோட்டு இருந்தது. ஞாயிறுதோறும் பூசைக்கு அதைத்தான் போட்டு வருவான். இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை அவன் வெள்ளைக் கோட்டில் வந்து அவளுக்கு முன்வரிசையில் முழந்தாளிட்டான். பூசை முடிந்து வெளியே வந்ததும் கேட்டாள். தோபியிடம் வெளுக்கப் போட்டிருப்பதாகச் சொன்னான். அவளும் சரி என்று தலையாட்டினாள். அன்றைக்கு முழுக்க, கட்டம் போட்ட பழுப்புக் கோட்டு கிள்ளானில் எத்தனை பேரிடம் இருக்கும் என்று தனக்குள் எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

எட்டாம் நாள் பகலில் சிரில் காப்பகத்துக்கு வந்தான். கையில் வாழை இலையில் கட்டிய ஆட்டிறைச்சி.

"பாவம், வாயில்லா ஜீவன். எனக்கு அது மேல கோபம் இல்லைன்னு அதுக்கும் தெரியட்டும். நான் கிட்ட போனா குலைக்கும். நீயே கொடு."

அதைக் கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இவனையா சந்தேகப்பட்டோம் என்று தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. பொட்டலத்தில் பாதியைச் சாயங்காலத்துக்கு வைத்துவிட்டு மீதியைக் கூண்டுக்குள் நீட்டினாள். மேஜர் மோந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. அவள் முகத்தைப் பார்த்தது. "சாப்பிடு" என்றாள். தின்றது. வேலிக்கு வெளியே நின்று கடைசித் துண்டு வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் சிரில் ரயிலுக்குப் போனான்.

ஒரு மணி நேரத்துக்குள் நாய் வாந்தி எடுத்தது. பிறகு இரத்தமாகக் கழிந்தது. பின்னங்கால்கள் இழுத்துக்கொண்டன. அத்தனை வேதனையிலும் அது தண்ணீர்ச் சட்டியைத் தேடித் தேடிக் குடித்தது. அய்யாவுக்கு ஆள் அனுப்பினாள். அவன் வந்து கூண்டுக்குள் உட்கார்ந்து நாயின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். மூன்று மணிக்கு அது செத்தது.

மிருக டாக்டர் வந்து பார்த்தார். பத்து நாளுக்குள் செத்தால் வெறி என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். சோதனைக்குத் தலை போதும் என்று சொல்லி, தலையை எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார். உடலைப் புதைக்க ஆள் குழி தோண்டினான். அய்யாவு மகதலேனாவின் பக்கம் திரும்பினான்.

"என்ன கொடுத்தீங்க?"

"சோறும் மீனுந்தான்."

அந்தப் பொய் அவள் யோசிப்பதற்கு முன்னால் வாயிலிருந்து வந்துவிட்டது. அவன் அவளையே பார்த்தான். பிறகு சங்கிலியை எடுத்துக்கொண்டு போனான்.

கூண்டைக் கழுவப் போனவள் சாக்கடையோரம் இரண்டு காக்கைகள் செத்துக் கிடப்பதைக் கண்டாள். நாய் எடுத்த வாந்தியை அவை கொத்தித் தின்றதை அவளே பார்த்திருந்தாள். லாலாங் புல்லைச் சாகடிக்கத் தோட்டங்களில் தெளிக்கும் பாஷாணம் கிள்ளான் கிட்டங்கியில் பீப்பாய் பீப்பாயாக இருப்பதும், அதற்குக் கணக்கு எழுதுவது யார் என்பதும் அவளுக்குத் தெரியும். மிச்சப் பொட்டலத்தை எடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடி, அரிசி மூட்டைக்குள் புதைத்தாள். போலீசிடம் கொடுப்பதற்கா, ஒளித்து வைப்பதற்கா என்று அப்போது அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை சிரில் வந்தான்.

"செத்துப் போச்சாமே. வயித்துல ஊசி போட்டுக்கணும்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்க. போட்டுக்கிட்டாப் போச்சு." சிரித்தான். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டான். "அந்தக் கறி மிச்சம் இருக்கா?"

மகதலேனா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். அந்த நிமிஷம் வரைக்கும் அவள் உள்ளுக்குள் எங்கோ ஒரு மூலையில், கறிக்கடைக்காரன் கெட்ட கறியை விற்றிருக்கலாம் என்று ஒரு எண்ணம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இல்லை. முழுசும் போட்டுட்டேன்."

அவன் நம்பாமல் அடுப்பங்கரைக்குள் போனான். பானைகளைத் திறந்து பார்த்தான். கூடையைக் கவிழ்த்தான். அரிசி மூட்டையில் கை வைத்தபோது அவள் கேட்டாள்.

"வீரம்மா யாரு?"

கையை எடுத்துவிட்டு அவன் திரும்பினான். கிட்டே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவன் விரல்கள் அழுத்தியதில் வளையல் ஒன்று உடைந்தது.

"ரெண்டு வருஷம் பழக்கம். விட்டுட்டுப் போன்னு சொன்னேன், கேக்கல. மூணாம் ஓலை வாசிக்கிற அன்னிக்குக் கோவில்ல எழுந்து நின்னு சொல்லுவேன்னு மிரட்டினா. என்னை என்ன பண்ணச் சொல்றே? எல்லாம் உனக்காகத்தான் லேனா."

அவள் கையை இழுத்துப் பார்த்தாள். கூண்டுகளில் நாய்கள் குரைத்தன.

"நீ போலீசுக்குப் பொய் சொன்னவ. நாயும் உன் கையாலதான் தின்னுச்சு. யார்கிட்ட போய் என்னத்தைச் சொல்லுவே?" பிடியை விட்டுவிட்டு அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டான். "ஞாயித்துக்கிழமை கோவில்ல பார்ப்போம். வெள்ளைச் சேலை கட்டிட்டு வா."

"சரி" என்றாள். அவன் போய், தண்டவாளத்தைத் தாண்டி, ஸ்டேஷன் பக்கம் மறைகிற வரைக்கும் அவள் அசையவில்லை. பிறகு அரிசியைத் தரையில் கொட்டி டின்னை எடுத்தாள். முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தாள். போலீஸ் லைன் குடியிருப்பு வாசலில் அய்யாவு வெறும் சங்கிலியை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். டின்னை அவன் முன்னால் வைத்தாள்.

"இதைத்தான் கொடுத்தேன். அவர் கொண்டாந்தது. ஞாயித்துக்கிழமை அவர் எங்க வீட்டுக்கு வரவும் இல்லை."

அவன் டின்னைத் திறக்காமல் அவளைப் பார்த்தான். "இதைச் சொன்னா உங்களையும் உள்ள வைக்கலாம்."

"தெரியும். கூட்டிட்டுப் போங்க."

அன்றே அவர்கள் மேஜரின் உடலைத் தோண்டி எடுத்தார்கள். இரைப்பையிலும் டின்னிலும் ஒரே பாஷாணம் இருந்தது. தலையைச் சோதித்ததில் வெறி இல்லை என்று வந்தது. சனிக்கிழமை கிட்டங்கியில் வைத்துச் சிரிலைப் பிடித்தார்கள். அவன் அறைப் பரணில் சுருட்டி வைத்திருந்த பழுப்புக் கோட்டில் கைப்பக்கம் கிழிந்திருந்தது.

கோர்ட்டில் மகதலேனா இரண்டு நாள் நின்றாள். அப்பா இல்லாத வீட்டுக்கு ஆணை வரவழைத்ததாக அவளே சொன்னவள்தானே, இவள் பேச்சில் எது பொய், எது மெய் என்று சிரிலின் வக்கீல் கேட்டார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். இறங்கும்போது சிரில் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஏதோ அவள்தான் அவனை ஏமாற்றிவிட்டது போல ஒரு வருத்தம் இருந்தது. அதை அவளால் தாங்க முடியவில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அந்த வருஷக் கடைசியில் அவனைத் தூக்கில் போட்டார்கள்.

சாட்சி சொன்னதால் பொய் சொன்ன குற்றத்துக்கு அவளை எச்சரித்து விட்டுவிட்டார்கள். காப்பகத்தில், காவலில் இருந்த நாய் அவள் கையால் செத்ததென்று கமிட்டி அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. கோவிலில் அவள் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. இருதயம் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

அய்யாவு மட்டும் வந்தான். வந்து இருதயத்தோடு ஒரு கோப்பை காப்பி குடித்துவிட்டுப் போவான். ஒரு நாள், அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகு, எழுந்து நின்றுகொண்டு கேட்டான். தன்னைக் கட்டிக்கொள்ள முடியுமா என்று.

"உங்க மேஜரை நான்தான் கொன்னேன்" என்றாள் மகதலேனா.

"ஆமா" என்றான். இல்லையென்று சொல்வான் என அவள் எதிர்பார்த்திருந்தாள். "அதை நான் மறக்கப் போறதில்லை. நீங்களும் மறக்க மாட்டீங்க. வேற யார்கிட்ட போய் இதை நாம பேச முடியும்?"

அவள் அன்று பதில் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்துச் சொன்னாள். அவன் இந்து, அவள் வேதக்காரி; இரண்டு பக்கமும் ஒருவரும் வரவில்லை. பதிவு அலுவலகத்தில் வைத்துத்தான் நடந்தது. இருதயம் மட்டும் கார்டு உடுப்போடு வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார். வண்டிக்கு நேரமாகிவிட்டதால் உடனே புறப்பட்டார். வாசல் வரை போனவர் நின்று, "மகதலேனா, வரேன்" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார்.